பசுவுக்குப் போட்ட டைல்ஸ்

மஸ்கட்டில் காலமெல்லாம் டைல்ஸ் ஒட்டிய கைக்கு ஊரில் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுக்குள் ஒட்டியது போதாதென்று ததேயுஸ் மாட்டுத் தொழுவத்திலும் ஒட்டினார். ஹாலில் கிடக்கும் அதே பளபளப்பு. சர்ச் ஃபாதரை அழைத்துத் தொழுவத்தை ஜெபித்து மந்திரிக்க வைத்து, பசுவோடு நின்று படமெடுத்து மஸ்கட் கூட்டாளிகளுக்கு அனுப்பினார்.

மனைவி ஜெனிலா அன்றைக்கே கேட்டாள்: "நனைஞ்சா வழுக்காதா?"

"ஏட்டி, ஷேக்குக்க வீட்டுல ஒட்டுன கையாக்கும் இது."

"ஷேக்கு ஹால்லயா சாணி போடுவாரு?"

பசு போட்டது; வழுக்கியது. கொஞ்ச நாள் கால்களை அகட்டி நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு பின்னங்காலைத் தூக்கிக் கெந்தியது. வலியில் தீவனத்துக்கும் எழாமல் படுத்தே கிடந்தது. தின்னாத மாடு எதைக் கறக்கும்? பால் பாதியானது. சினையும் பிடிக்கவில்லை. வீடு ஓடியது அந்தப் பாலில்தான். மஸ்கட் பணம் முழுக்கத் தரையாகக் கிடந்தது.

"படத்தப் பாத்து எவனோ கண்ணு வச்சிட்டான்" என்றார் ததேயுஸ்.

கால்நடை டாக்டர் வந்து குளம்பைச் செதுக்கி, அடியிலிருந்த புண்ணைக் காட்டி, தரையை மாற்றச் சொன்னார். தரையை மாற்றுவதைவிட மாட்டை மாற்றுவது ததேயுஸுக்குச் சுலபமாகப் பட்டது. ஆரல்வாய்மொழி மாட்டு வியாபாரி வைகுண்டராஜனை வரவழைத்தார்.

உள்ளே கால் வைத்த வைகுண்டராஜன் சறுக்கிச் சுவரைப் பிடித்தார். "ஓய், இது தொழுவமா, நகைக்கடையா?" என்றவர் இறைச்சி விலைதான் சொன்னார். "நொண்டி மாட்டப் பாலுக்கு எவன் வாங்குவான்?"

ததேயுஸ் தலையாட்டுமுன் ஜெனிலா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பசுவத் தர மாட்டேன். அடுத்து ஒண்ணக் கொண்டாந்து நிறுத்தினா அதும் நொண்டும். அதையும் இவருக்கே குடுப்பியளா?"

"குடுக்கட்டும்மா, எனக்கென்ன நட்டம்!" என்று வியாபாரி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ததேயுஸுக்கு உறைத்தது. இத்தனை நாள் பசு கெந்தியது உறைக்கவில்லை.

மறுநாள் உளியோடு உட்கார்ந்து, பல்லை வலிக்காமல் பிடுங்குவதுபோல ஒவ்வொரு டைலாகப் பெயர்த்தார். ஏனென்று ஜெனிலா கேட்டதற்கு, "குளிமுறியில ஒட்டலாம்லா" என்று குளியலறையைக் காட்டினார். அவள் கம்பிப்பாரையை எடுத்து நடுவில் ஒரே போடு போட்டாள். மீதி வேலை சீக்கிரம் முடிந்தது.

சொரசொரப்பாகச் சிமெண்ட் பூசி ரப்பர் பாய் விரித்தார்கள். பசு கெந்திக்கொண்டேதான் தீவனத்துக்குப் போனது. ஆனால் பயப்படாமல் போனது.

"பாலு எப்பம் கூடும்?" என்று ததேயுஸ் கேட்டார்.

"புண்ணு ஆறட்டும். அதுவரைக்கும் எங்கயாவது போயி டைல்ஸ் ஒட்டி வீட்டுக்குக் காசு கொண்டுவாங்க. மனுசரு வீடாப் பாத்து ஒட்டுங்க."