செபஸ்தியான் சாரின் இரண்டாவது கையெழுத்து

கூரியர்காரர் கைப்பேசியை நீட்டி, "விரலால கிறுக்குங்க மேடம், எதுவானாலும் பரவால்ல" என்றார். எதுவானாலும் பரவாயில்லையாம். எண்பதுகளில் காரைக்காலில் ஓர் அதிகாரி இதைச் சொல்லியிருந்தால், என் தொழிலைப் பற்றி நான் இன்றும் கர்வத்தோடு பேசிக்கொண்டிருப்பேன்.

பிசியோதெரபி முடித்துப் புதிதாக வேலைக்கு வந்திருந்தேன். ஆஸ்பத்திரி எனக்குத் தந்த உபகரணங்கள்: கட்டில் ஒன்று, ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கும் பாத்திரம் ஒன்று, எரிவது தன் வேலை என்பதையே மறந்துவிட்ட விளக்கு ஒன்று. எதையும் பட்டியல் போடாவிட்டால் அந்தக் காலத்தில் எனக்குச் சோறு இறங்காது.

அங்கேதான் செபஸ்தியான் சார் வந்தார். பிறப்புச் சான்றிதழ்களை மும்மூன்று பிரதிகளாகக் கையால் எழுதிக் கையொப்பமிடும் குமாஸ்தா. பேனா காகிதத்தைத் தொட்டதும் அவர் விரல்கள் முறுக்கிக்கொள்ளும். பேனாவை வைத்துவிட்டால் சட்டைப் பொத்தான் போடலாம், சைக்கிள் ஓட்டலாம். அந்த சைக்கிள்தான் வினை. ஆள் நடிக்கிறார் என்று அலுவலகம் தீர்ப்பு எழுதிவிட்டது. இரண்டு மாதத்தில் ஒழுங்காக எழுதாவிட்டால் கையொப்பமிடும் நாற்காலி போய்விடும்.

கூட வந்த மனைவியும் அலுவலகத்தின் கட்சி. "மத்திக்கு முள்ளு எடுக்கறப்ப மட்டும் இந்தக் கை நல்லாத்தானேங்க இருக்கு டாக்டரம்மா?"

"மத்தி என்ன மூணு காப்பியா கேக்குது?" என்றார் அவர்.

நான் டாக்டர் இல்லை. திருத்தவும் இல்லை.

கோளாறு கையில் இல்லை, பழக்கத்தில் என்று விளக்கினேன். பழைய பிடியில் பழைய எழுத்தை எழுதினால் முறுக்கும். ஆகவே புதுப் பிடி, புது எழுத்து. அதற்குத் தடித்த பேனா வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்துக்கும் கிடையாது. தோள்வலிக்கு வந்த கிளிஞ்சல்மேட்டு மீனவர் ஒருவர், வலை மிதக்கக் கட்டும் தக்கை ஒன்று கொடுத்தார். அதன் துளையில் பேனாவைச் செருகினேன். அறையெல்லாம் கருவாட்டு வாசம்.

"ஆபீசுக்குப் பூனை வரும், பரவால்லீங்களா?" என்றார் சார்.

முதலில் ஈரமணலில் குச்சியால், தோளிலிருந்து கை வீசி, ஆளுயர எழுத்துகள். "என்ன சார், கடலுக்கே பர்த் சர்டிபிகேட்டா?" என்று கடற்கரையில் ஒருவர் விடாமல் கேட்டார்கள். பிறகு சிலேட்டு. கடைசியில் காகிதம். எட்டாவது வாரம் எழுத்து முத்துமுத்தாக வந்தது. கொடிபோல் சுருண்ட பழைய கையொப்பம் போய், முழுநிலா மாதிரி வட்டமாக ஒன்று வந்திருந்தது. என் நோட்டில் எல்லா வரிக்கும் டிக் அடித்தேன்.

அதிகாரி பார்த்தார். "எழுத்து பிரமாதம். இது யாரு கையெழுத்து?"

புதுச்சேரிக் கோப்பில் இருக்கும் மாதிரிக் கையொப்பத்தோடு இது ஒத்துப்போகவில்லை. மாதிரியை மாற்றலாம். அதற்கு இவர்தான் இவர் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கப் பழைய கையொப்பத்தை மூன்று முறை போட வேண்டும். எந்தக் கையொப்பத்தை மறக்கச் சொல்லி எட்டு வாரம் பாடம் நடத்தினேனோ, அதையே. அரசாங்கமும் அதை மறக்குமா என்று கேட்க என் பட்டியலில் வரியே இல்லை.

சார் போட்டார். முதலாவது வந்தது. இரண்டாவதில் விரல் முறுக்கி, நிப் காகிதத்தைக் கிழித்தது. மூன்றாவதற்குச் சட்டைப்பையிலிருந்து தக்கையை எடுத்தார். நிலா வந்தது.

"மூணும் மூணு ஆளு போட்ட மாதிரி இருக்கேய்யா" என்றார் அதிகாரி.

தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அடுத்த வாரம் வந்து, "ஸ்டாம்பு நல்லா ஒட்ட வருது டாக்டரம்மா. உங்க ட்ரீட்மெண்ட் பலிச்சிருச்சு" என்றார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை.

இப்போது சான்றிதழ்கள் அச்சாகி வருகின்றன. வலைகளில் பிளாஸ்டிக் மிதவை. என் அறை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கூரியர்காரர் அவசரத்தில் இருந்தார். நான் தோளிலிருந்து கையை வீசி, அந்தக் கைப்பேசிக் கண்ணாடியில் வட்டமாக ஒரு நிலாவைப் போட்டேன்.

"ஓகே மேடம்" என்றார், பார்க்காமலே.