சலவைக்கடைத் தொடருக்குக் குரல் கொடுத்தவள்

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை ஏற்காட்டுக்குப் போனேன். படகுச் சவாரி போகவோ, வியூ பாயிண்டில் நின்று செல்ஃபி எடுக்கவோ இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் எஸ்டேட் ஹாலில் பார்த்த ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் நடித்தவர்களில், கடைசியாக மிச்சமிருந்த நடிகையும் காலமாகிவிட்டார் என்று செல்போனில் படித்தேன். அந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு உலகத்தில் ஒருத்திதான் உண்டு. அவள் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் தலைச்சோலையில் இருக்கிறாள். துக்கச் செய்தி சொல்லும் சாக்கில் அவளிடம் மன்னிப்பும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது காலை 7.10. வாடகைக் கார், போக வர, காத்திருப்பும் சேர்த்து 2,400 ரூபாய் (2,800-இல் ஆரம்பித்தார், பேசிக் குறைத்தேன்). அடிவாரத்தில் ஒரு டீ, பதினைந்து ரூபாய், வெறும் வெந்நீர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏரிக்கரைக்கு வரும்போது 8.45. பனி இன்னும் விலகவில்லை.

"ஏனுங்க, மொதல்ல சேர்வராயன் கோயிலுக்குப் போயிரலாமுங்களா? கூட்டம் சேர்றதுக்குள்ள பாத்துப்போடலாம்" என்றார் டிரைவர்.

"வேண்டாங்க. நேரா தலைச்சோலை."

"அங்க பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? காப்பித் தோட்டமும் நாலு ஊடுந்தான்."

அந்த நாலு வீட்டில் ஒன்றைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

என் அப்பா இந்தப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ரைட்டர். ஆட்களின் பேர் போட்டு, சம்பளக் கணக்கு எழுதும் வேலை. பழைய மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது டிவியையும் டெக்கையும் ஒரு பெட்டி வீடியோ கேசட்டையும் ஆட்களுக்கென்று ஹாலில் விட்டுவிட்டுப் போனார். கேசட் முழுக்க அந்த ஒரே தொடர்தான். மழை பெய்துகொண்டே இருக்கிற ஏதோ ஓர் ஊர், அதில் ஒரு சலவைக்கடை. கைக்குட்டையைக் கூட மூன்று தடவை எண்ணுகிற ஒல்லி முதலாளி. இஸ்திரி போடுகிற குண்டு அம்மாள். வேன் ஓட்டுகிற, எந்நேரமும் தூங்கி வழிகிற வழுக்கைத் தலைக் கிழவர். வாராவாரம் யாருடைய கோட்டாவது யாருக்காவது மாறிப் போகும். அவ்வளவுதான் கதை.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு ஹால் நிரம்பிவிடும். ஆனால் ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது. நான் கான்வென்ட்டில் படித்தவள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, தலைச்சோலையில் இருக்கிறாள் என்றேனே, அவளுக்கும் அதே வயது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வருகிறவள். நான் அவள் காதில் அர்த்தத்தைச் சொல்வேன், அவள் எழுந்து டிவி பக்கத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் பேசுவாள். மூன்றாவது வாரத்திலேயே, "நீ சும்மா இரு புள்ள, நானே பாத்துக்கறேன்" என்று என்னை உட்கார வைத்துவிட்டாள்.

அடடா, அதற்குப் பிறகுதான் விஷயமே! ஒல்லி முதலாளி கைக்குட்டை எண்ணும்போது, எடை போடுகிற இடத்தில் கால் கிலோ பழத்துக்குச் சண்டை பிடிக்கும் எங்கள் மேஸ்திரியாகவே மாறிவிடுவார். மேஸ்திரியும் அங்கேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார். தொடரில் நடுநடுவே சிரிப்புச் சத்தம் வரும் இல்லையா? "அவிய எங்க உக்காந்து சிரிக்கறாங்க?" என்று ஹாலில் கேட்பார்கள். நமக்கு முன்னால் அவர்கள் சிரித்துவிடுகிறார்களே என்று குறை வேறு. அதனால் அந்தச் சிரிப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் தன் வசனத்தை முடித்துவிடுவாள் அவள். வெள்ளைக்காரர்களும் நாங்களும் சேர்ந்து சிரிப்போம். அந்தக் குண்டு அம்மாள் ஒற்றைப் புருவத்தைத் தூக்கும்போது மட்டும் பேசமாட்டாள். "அந்த மொகத்துக்கு மேல நாம என்னத்தப் பேசறது?" என்பாள். இப்போது இறந்துபோனது அந்த நடிகைதான்.

சரி, என் லட்சணத்துக்கு வருகிறேன். போன வருஷம் இதே பக்கத்தில் இந்த ஹால் கதையை எழுதினேன். பலரும் படித்துப் பாராட்டினீர்கள். அதில் டிவி பக்கத்தில் நின்று பேசியது நான். அவள் இல்லவே இல்லை. எழுதும்போது "நான்" மட்டும் இருந்ததில் கட்டுரை சுலபமாக ஓடியது, அவளை விட்டுவிட்டேன். பின்னூட்டத்தில் வந்த பாராட்டையெல்லாம் நன்றி சொல்லி வாங்கியும் கொண்டேன். வெட்கம்கெட்டவள்.

9.30-க்கு அவள் வீட்டு முன்னால் கார் நின்றது. வாசல் களத்தில் காப்பி காயப் போட்டிருந்தாள். கையில் காப்பி கிளறும் பலகையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க" என்றாள். முன்பெல்லாம் 'வா புள்ள'தான்.

நடிகை இறந்ததைச் சொன்னேன். "தெரியுமுங்க. எம்புள்ள போன்ல காட்டுச்சு" என்றாள். சேலத்தில் காலேஜ் படிக்கும் மகள் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"உங்க கட்டுரையும் இதுதான் படிச்சுக் காட்டுச்சு" என்றாள் அவள். "சின்னதுலருந்து இதுகிட்டச் சொல்லிச் சொல்லித்தான் வளத்தேன், அந்த நாடகத்துக்கெல்லாம் நாந்தான் பேசுவேன்னு. படிச்சுப்போட்டுக் கேக்குது, 'ஏம்மா இத்தன வருசம் பொய் சொன்ன'ன்னு."

மன்னிப்பு என்று நான் தயாரித்து வைத்திருந்த நாலு வாக்கியமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கண்ணு, அந்தப் படத்தைப் போடு" என்றாள். மகள் செல்போனில் தொடரைப் போட்டாள். "நீங்கதான பேசுனதா எழுதியிருக்கீங்க. பேசுங்க. எம்புள்ள ஒருக்கா கேக்கட்டும்."

பேசினேன். வேறு என்ன செய்ய? ஒல்லி முதலாளி சொன்னதை வார்த்தை பிசகாமல் தமிழில் சொன்னேன். போனுக்குள் சிரித்தார்கள். களத்தில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு நிமிஷம் கூட ஆகியிருக்காது, போனை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

"நான் இல்லம்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட நான் பேசினதில்லை. எல்லாம் உங்க அம்மாதான். நான் எழுதினதுதான் பொய்."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. "அம்மா, நீ பேசும்மா. ஒரு தடவை."

"வெயிலு வந்துருச்சு, காப்பியக் கிளறோணும்" என்று பலகையை எடுத்துக்கொண்டு களத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை நின்றேன். பிறகு களத்தைச் சுற்றிக்கொண்டு போய், "அந்தக் கட்டுரையைத் திருத்தி உன் பேரைப் போட்டுடறேன்" என்றேன்.

கிளறுவதை நிறுத்தவில்லை. "வேண்டாங்க. எழுதுனப்பவே போட்டிருந்தா நொம்பச் சந்தோசப்பட்டிருப்பேன், ஊரெல்லாம் காட்டியிருப்பேன். இப்ப உங்க மனசு ஆர்றதுக்கு எம்பேரு எதுக்குங்க? போய்ட்டு வாங்க."

10.40-க்குக் கிளம்பிவிட்டேன். மலையில் நான் இருந்தது மொத்தம் இரண்டு மணி நேரம்தான். இறங்கும்போது டிரைவர், "சொந்தக்காரவியளுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஜனவரி நல்ல காலம்தான், ஆனால் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள், காலை பத்து மணி வரை குளிர் வாட்டும். விடிந்ததும் மலையேறிவிட்டால் வளைவுகளில் நெரிசல் இருக்காது. தலைச்சோலைக்குக் காலையிலேயே போய்விட்டால் களங்களில் காப்பி பரப்புவதைப் பார்க்கலாம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஏற்காட்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் போக வர எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் எஸ்டேட் ஹாலைத் தேட வேண்டாம், இப்போது அது உரக் கிடங்கு.

போன வருஷக் கட்டுரையை நேற்று நீக்கிவிட்டேன். அதில் டிவி பக்கத்தில் நின்று பேசியவளைப் பற்றி இனிமேல் யாராவது கேட்டால் அது நானில்லை என்று மட்டும்தான் சொல்வேன். போன கட்டுரையில் அவள் பேரை நான் போடவில்லை. இந்தக் கட்டுரையில் அவள் போடவிடவில்லை.