துடுப்பு இல்லாத கரிச்சான்

மயிலைப் பார்த்து மயில் என்று சொல்வதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று எங்கள் டீச்சர் கேட்பார். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பறவைகளைப் பிரித்துச் சொல்கிறவள்தான் அவர் கணக்கில் கெட்டிக்காரி. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஓண விடுமுறைக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடமும் அதுதான். வீட்டைச் சுற்றித் திரியும் கறுப்புப் பறவைகளைப் பார்த்து, கேட்டு, எது எது என்று எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதை நோட்டில் எழுதி வர வேண்டும். மற்றப் பிள்ளைகள் காக்கா, குயில் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டுப் பூ பறிக்கப் போய்விட்டார்கள். நான் டீச்சரிடம் கெஞ்சி அவருடைய பழைய பைனாகுலரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தேன். அது என் கழுத்தில் கிடந்த பத்து நாளும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆனைக்கரைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில், வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீடு. அப்பா தோட்டத்தில் கங்காணி. அம்மாவும், அப்பாவின் கடைசித் தங்கையான அத்தையும் காய் எடுக்கப் போவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் அவர்கள் பின்னாலேயே போவேன். அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எதைச் சொன்னாலும் சிரிப்பாள், ஒன்றும் சொல்லாவிட்டாலும் சிரிப்பாள். எனக்குத் தலை பின்னி விடுவதும், அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவுவதும், தூக்கத்தில் நான் காலைத் தூக்கிப் போட்டால் பொறுத்துக்கொள்வதும் அவள்தான். அம்மாவைவிட அத்தையைத்தான் எனக்குப் பிடிக்கும் என்று அம்மாவிடமே சொல்லி ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த விடுமுறையின் இரண்டாம் நாள்தான் சீட்டிச் சத்தம் பெரிய விவகாரம் ஆனது.

காலையில், டீக்கு இன்னும் நேரம் இருக்கும்போது, ஓடைக்கு அந்தப் பக்கத்து மரக்கூட்டத்திலிருந்து யாரோ சீட்டி அடித்தார்கள். வெறும் சீட்டி என்றால் அப்பா கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார். இது ஒரு பாட்டு. அதுவும், போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயில் உபதேசியார் தாமே மெட்டுக் கட்டி, வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்டுக்காகப் பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டின் முதல் அடி. அந்த மெட்டு வேறு எந்த ஊருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு அது அவ்வளவு நன்றாகவும் இருக்காது. அத்தை அந்தக் குழுவில் பாடுகிறவள்.

“ஆவணி மாசத்துல எவனுக்குளா கிறிஸ்மஸ் பொறந்துட்டு?” என்று காய் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்க, மொத்த வரிசையும் சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்காமல் ஏலச்செடிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

அப்பா ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். டீக்கு நேரமானால் அவர் தன் விசிலை இரண்டு முறை சுருக்கமாகவும் ஒரு முறை நீட்டியும் ஊதுவார். அந்த வாரம் அவர் ஊதாமலேயே பெண்கள் இரண்டு தடவை கூடையை இறக்கி வைத்துவிட்டு மேலே ஏறிவிட்டார்கள். கேட்டால், விசில் கேட்டது என்று மாதாமேல் சத்தியம் பண்ணினார்கள். இப்போது இந்தச் சீட்டி வேறு. மூன்றாம் நாளும் அதே இடத்திலிருந்து அதே மெட்டு வந்ததும் அப்பா துப்பறியத் தொடங்கினார்.

பாடகர் குழுவில் ஆண்கள் நாலே பேர். அதில் இரண்டு பேருக்கு முன்பல் கிடையாது, சீட்டி வராது. ஒருவர் கட்டப்பனையில் கடையில் நிற்கிறவர். மிச்சம் இருந்தவர் ஜீப்புக்காரர். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் இருந்தார். விடியுமுன்பே கம்பம் பக்கம் இறங்கி, அங்கிருந்து காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தோட்டத்தில் விடுவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடும் வரை அவருக்கு வேலை இல்லை. ஜீப்பை ஓடைக்கு அந்தப் பக்கம் மரநிழலில் போட்டுவிட்டு அங்கேயேதான் இருப்பார்.

“நாள் முழுக்க சும்மா கெடக்கவனுக்கு வாய் சும்மா இருக்குமா?” என்று அப்பா அன்று வீட்டில் கத்தினார். தோட்டம் முழுக்கத் தன் தங்கையைப் பற்றிச் சிரிக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. தீர்ப்பும் உடனே சொல்லிவிட்டார். இனி அத்தை பாட்டுப் பழகப் போக வேண்டாம். சனிக்கிழமை தேவிகுளத்தில் இருக்கும் பெரிய அத்தை வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவளுக்கு ஒரு மாப்பிள்ளை அமையும் வரை அங்கேயே இருந்து தேயிலை பறிக்கட்டும்.

“நான் என்னண்ணே செஞ்சேன்?” என்றாள் அத்தை.

“நீ ஒண்ணும் செய்யல. அதனாலதான் அனுப்புதேன். எதுவும் செஞ்சிருந்தா அனுப்பவா செய்வேன்?”

அத்தை தேவிகுளம் போய்விட்டால் என் வாழ்க்கை முடிந்துபோகும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். பாயில் குப்புறப் படுத்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதுதான் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. மலையாளத்தில் சூளக்காக்கா என்று ஒன்று உண்டு. நிழலில் கறுப்பாக இருக்கும், வெயில் பட்டால் நெற்றியும் தோளும் நீலமாக மின்னும். ஓடைக்கரையில் இருந்துகொண்டு மனுஷன் மாதிரியே சீட்டி அடிக்கும்.

புதன்கிழமை காலையில் அப்பாவின் கையைப் பிடித்து ஓடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கர்த்தர் என் பக்கம் இருந்தார். பாறைமேல் சூளக்காக்கா உட்கார்ந்திருந்தது.

“ஆளு இல்லப்பா. இந்தப் பறவைதான்” என்று பைனாகுலரைக் கொடுத்தேன். அப்பா முதலில் அதைத் திருப்பிப் பிடித்து, பறவை ஏன் இவ்வளவு தூரம் போய்விட்டது என்று கேட்டார். சரியாகப் பிடித்துக் கொடுத்த நேரத்தில் அதுவும் சீட்டி அடித்தது. ஆனால் அது மேலும் கீழுமாக எங்கெங்கோ அலைந்த சீட்டி. பாடம் படிக்காத பையன் வீட்டுக்குப் போகும் வழியில் அடிப்பது போல இருந்ததே தவிர, அதில் உபதேசியாரின் மெட்டு இல்லை. நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே அது எழும்பி ஓடையோடு கீழே பறந்துபோய்விட்டது. அது போன மறுநிமிஷம் மேலே மரக்கூட்டத்திலிருந்து கேரல் பாட்டின் முதல் அடி பிசிறில்லாமல் வந்தது.

“பறவ போயிட்டு. சீட்டி இங்கனதான் நிக்கி” என்றார் அப்பா. “இப்ப என்ன சொல்லுத?”

அதுவரை வீட்டில் அம்மாவாவது, ஏதாவது குருவியாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது குருவி இல்லை என்று நானே நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். அன்று முழுவதும் அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த அவள்தான் என்னைக் கூப்பிட்டுச் சமாதானம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா ஒரு காப்பிக் கம்பை வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினார். வராதே என்று சொன்னதால் நானும் பின்னாலேயே போனேன். பாதி தூரத்தில் சீட்டி கேட்டது. அப்பா நடையை எட்டிப் போட்டார். நான் பின்னால் ஓடினேன். அந்த ஜீப்புக்காரரை எனக்குப் பிடிக்கும். என்னைப் பார்த்தால் ஹாரன் அடிப்பார்.

ஜீப்பின் பின்சீட்டில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, வாய் திறந்து கிடந்தது, குறட்டை வேறு. அப்பா கம்போடு நின்றார். தூங்குகிறவனை அடிப்பதா, எழுப்பி அடிப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சீட்டி மறுபடி கேட்டது. எங்கள் தலைக்கு நேர் மேலே.

அப்பா நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். குனிந்து ஜீப்புக்காரரின் வாயைப் பார்த்தார். சந்தேகம் தீராமல் அந்த வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்தார். குறட்டை வந்தது. மேலே இருந்து கேரல் பாட்டு வந்தது.

நான் பைனாகுலரைத் தூக்கினேன். ஒரு கறுப்புப் பறவை. பிளந்த வால்.

“இது கரிச்சான்லா” என்றார் அப்பா. “கம்பியில உக்காந்திருக்குமே, ரெட்டவால். இதுக்கு எங்க பாட்டு தெரியும்?”

என் மனசில் இருந்தது துடுப்புவால் கரிச்சான். அதற்கு வாலிலிருந்து இரண்டு நீளக் கம்பி தொங்கும், நுனியில் துடுப்பு மாதிரி இறகு இருக்கும். அது மற்றப் பறவைகளின் குரலெல்லாம் எடுத்துவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் இதற்குக் கம்பியும் இல்லை, துடுப்பும் இல்லை. புதன்கிழமை பட்ட அவமானம் நினைவிருந்ததால் அவசரப்படாமல் பார்த்தேன். கரண்டுக் கம்பியில் உட்காரும் கரிச்சான் வெட்டவெளியைத் தேடும், இப்படி அடர்ந்த மரத்துக்குள் வராது. காட்டோரத்துச் சின்னக் கரிச்சான் மினுமினு என்று இருக்கும், உருவம் சிறுத்தது. இது பெரியது. அப்போது அது தலையைத் திருப்பியது. நெற்றியில் எண்ணெய் வைக்காத முடி மாதிரி ஒரு கொத்து இறகு நின்றது.

“துடுப்புவால்தான்ப்பா! துடுப்பு உதிர்ந்துபோச்சு. இனிமேதான் மொளைக்கும். வாலப் பாக்காதீங்க, நெத்தியப் பாருங்க!”

அப்பா பைனாகுலரை வாங்கிக்கொண்டார். எனக்காகவே காத்திருந்த மாதிரி அது தன் சரக்கையெல்லாம் அவிழ்த்துவிட்டது. கேரல் பாட்டின் முதல் அடி. பிறகு குக்குறுவானின் குட்ரூ குட்ரூ. பிறகு மலையணிலின் சடசடப்பு. பிறகு விசில். இரண்டு சுருக்கம், ஒரு நீட்டம்.

ஓடைக்கு அந்தப் பக்கம், எங்கள் தோட்டத்தில், கூடைகள் இறங்கும் சத்தம் கேட்டது. “டீக்கு வாங்களா!” என்று யாரோ கூவினார்கள்.

அப்பாவின் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. முதலில் கோபம் வந்தது, அதைப் பறவைமேல் காட்ட முடியாது என்று தெரிந்தது, கடைசியில் அவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் ஜீப்புக்காரர் துள்ளி எழுந்தார்.

“என்ன அண்ணாச்சி, கம்போட?”

அப்பா கம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “சும்மா, குருவி பாக்க வந்தோம் தம்பி.”

அந்த நேரம் பார்த்துக் கரிச்சான் இன்னொரு தரம் பாடியது. மரத்தை நிமிர்ந்து பார்த்த ஜீப்புக்காரரின் முகம் ஏனோ வெளுத்துப்போனது. பாவம், தூக்கத்தில் இருந்து எழுந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அவரை விடாமல் கையைப் பிடித்து டீ குடிக்க அழைத்துப் போனார்.

அன்றைக்கு நான்தான் தோட்டத்தின் ராணி. நடந்ததையெல்லாம் அப்பாவே வரிசை வரிசையாகப் போய்ச் சொன்னார். தன் விசிலைக் குருவி களவாண்ட பகுதியைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தேவிகுளத்துக்கு ஃபோன் போட்டு, தங்கச்சி இப்போது வரவில்லை என்று சொல்லிவிட்டார். அத்தை என்னைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றினாள். எனக்குத் தலை சுற்றியது, அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, இரண்டு பேரும் விழுந்து சிரித்தோம். அன்றுபோல் சந்தோஷமான நாள் எனக்கு அதுவரை வந்ததில்லை.

சாயங்காலம் அடுப்படியில் அம்மா மத்தி பொரித்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டைப் பிரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, அந்தக் குருவி ஒரு தடவ கேட்டா உடனே படிச்சிருமோ?” என்று அம்மா கேட்டாள்.

அம்மா என்னிடம் பாடம் கேட்பது அதுதான் முதல் தடவை. “ஒரு தடவையெல்லாம் பத்தாதும்மா” என்றேன் டீச்சர் மாதிரியே. “ஒரே எடத்துல இருந்து, நாளும் பொழுதும், மாசக்கணக்குல கேக்கணும். அப்பதான் இவ்வளவு சுத்தமா வரும்.”

அம்மா மீனைத் திருப்பாமல் அத்தையைப் பார்த்தாள். அத்தை கழுவிய தட்டையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது.

“மதினி…” என்றாள் அத்தை.

அம்மாவுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பெரிய மீனாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். “நோட்டுல எழுதிக்க. டீச்சருக்குச் சொல்லு. ஒங்கப்பாட்ட மட்டும் இதச் சொல்லாத.”

விசில் விஷயத்தில் அப்பா ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார், குருவி அதை மாசக்கணக்காகக் கேட்டுக் கேலி பண்ணியது என்று தெரிந்தால் இன்னும் வருத்தப்படுவார், அதனால்தான் அம்மா அப்படிச் சொல்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். அப்பாமேல் இருந்த இரக்கத்தால் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை.

தோட்டத்தில் காய் எடுப்பு முடியும் சமயத்தில் ஜீப்புக்காரரின் வீட்டார் பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு அத்தையைப் பெண் கேட்டு வந்தார்கள். அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. “தங்கமான பையன். ஒரு குருவியால அநியாயமாப் பழி சொமந்தான்” என்று வந்தவர்களிடமே சொன்னார். தப்பாகச் சந்தேகப்பட்டதற்கு ஈடாகத்தான் அப்பா அத்தையைக் கட்டிக்கொடுக்கிறார், அப்பா எவ்வளவு நேர்மையான மனுஷர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வீட்டுப்பாடத்துக்கு டீச்சர் முழு மதிப்பெண் போட்டிருந்தார். கறுப்புப் பறவைகளை நிறத்தால், வாலால், நெற்றியால், குரலால் எப்படிப் பிரிப்பது என்று நாலு பக்கம் எழுதிய எனக்கு, அந்தக் குருவிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்க மட்டும் தோன்றவேயில்லை.