ஏழு மணி சீரியலும் என் மகள் சடங்கும்

டிவியைப் பார்த்துக் கருத்துச் சொல்வதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பாட்டுப் போட்டியில் நடுவர் கண்ணைத் துடைத்தால், "எழுதிக் கொடுத்து அழ வைக்கிறானுங்க" என்பேன். சமையல் போட்டியில் பெரிய தட்டில் ஒரு கரண்டி குழம்பை வைத்துக் கொடுத்தால், "இத எங்க வூட்டுக்காரருக்கு வெச்சா தட்டு பறக்கும்" என்பேன். ஏழு மணி சீரியல் மட்டும் வேறு. அதற்கு அழுவேன். அந்நேரம் கூலிக்குச் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருப்பதால் ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

போன ஆவணியில் என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். ஒரு வாரத்துக்கு முன்பே விக்கிரமங்கலத்திலிருந்து என் தம்பி பெண்டாட்டி உதவிக்கு வந்துவிட்டாள். தம்பி போய் மூன்று வருஷம் ஆகிறது. அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரி. அதற்கப்புறமும் எங்கள் வீட்டு வேலை எதுவானாலும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறவள் அவள்தான். என் மகளுக்கு வயிற்றுவலி என்றால் என்னைக் கூப்பிட மாட்டாள், அத்தைக்குத்தான் போன் போடுவாள்.

அந்த வாரம் பார்த்துச் சீரியலிலும் ஒரு விசேஷம். புருஷனை இழந்த நாத்தனாரை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டார்கள். கதாநாயகி போய்க் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வருகிறாள். ஒரு மாலையைக் கழுத்தில் போட மூன்று நாள் இழுத்தார்கள், அது வேறு எரிச்சல். ஆனாலும் அவள் சபையைப் பார்த்துக் கேள்வி கேட்டபோது நான் அரிவாள்மனையை விட்டு எழுந்து கை தட்டினேன்.

"அப்புடிக் கேளுடி! நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேளு!"

தம்பி பெண்டாட்டி சிரித்தாள். "டிவியில கூப்புடுவாங்க அண்ணி. நெசத்துல யாரு கூப்புடுறா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் கூப்புட மாட்டாங்க? நான் கூப்புடுவேன். தாய்மாமன் வூட்டு மொத மாலைய நீதான் போடணும். எவ என்ன சொல்றான்னு பாத்துடுறேன்."

அவள் குனிந்து வெங்காயத்தை அள்ளிக் கூடையில் போட்டாள். மறுநாள் காலையில் தானே பூ மார்க்கெட்டுக்குப் போய் மாலைக்குச் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம், "பச்சைச் சேலை கட்டிக்கவா அண்ணி, இல்ல வேண்டாமா?" என்று கேட்டாள். மூன்று வருஷமாக அவள் என்னிடம் சேலையைப் பற்றிப் பேசியதே இல்லை. "பச்சையே கட்டு" என்றேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மண்டபத்தில் என் மாமியாரின் அக்கா, பெரியம்மா, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்கிறபடிதான். நலங்குத் தட்டுகளை வரிசையாக வைத்ததும் மைக்கில் கூப்பிட்டார்கள்: "தாய்மாமன் வீட்டு மாலை! தாய்மாமன் வீட்டார் மேடைக்கு வாங்க!"

பெரியம்மா எழுந்து மேடைக்கு வந்து என் காதருகில் கேட்டார். "தம்பி இல்லியே, அவன் வூட்டுலேர்ந்து யாரு போடப் போறா?"

கேள்வி அவ்வளவுதான். அதட்டல்கூட இல்லை. நான் கூட்டத்தைப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"அவங்க வூட்டுலேர்ந்து யாரும் வர முடியலைங்க பெரியம்மா. நீங்களே போட்டுடுங்க."

மேடைப் படியில், மூன்றடி தள்ளி, பச்சைச் சேலையில் அவள் மாலையோடு நின்றிருந்தாள். என் மகள் திரும்பி, "அம்மா, அத்தை இங்கதானே..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். பெரியம்மா கையை நீட்டினார். தம்பி பெண்டாட்டி மாலையை அந்தக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். போட்டோக்காரர் என்னைச் சிரிக்கச் சொன்னார், நான் சிரித்தேன்.

பந்தி நடக்கும்போது அவளைத் தேடினேன். பின்வாசலில் பையோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுத அடையாளம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

"நீ போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தா நானே உள்ள போயிருப்பேன் அண்ணி" என்றாள். "எனக்கு அது பழக்கந்தான்."

சீ என்று ஆகிவிட்டது. மன்னிச்சுக்கோ என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்து, "சாப்புட்டுட்டாவது போம்மா. எலை போடச் சொல்றேன்" என்றேன்.

அவள் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

"வராதவளுக்கு எதுக்குங்க எலை?"