கொடுவாவைத் தேடிய பந்து

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தில் அலைதடுப்புக் கற்களில் நின்று கொடுவாவுக்குத் தூண்டில் போடுவார். இங்கே அதற்கு ஸ்பிகோலா என்று பெயர். ஊர்க் கொடுவாவும் இதுவும் ஒன்றல்ல, முகச்சாடைதான் சொந்தக்காரர் மாதிரி இருக்கும். நாங்கள் கொடுவா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவருக்கு ஹோட்டலில் இரவு வேலை, எனக்கு ஒரு வயதான இத்தாலிய அம்மா, சின்யோரா, வீட்டில் பகல் வேலை. இரண்டு பேரும் விழித்திருக்கும்போது சந்திப்பது ஞாயிறில்தான். அதனால் நானும் கூடப் போவேன். மீன் வந்தாலும் வராவிட்டாலும் வாய் நிறையக் கதைத்துவிட்டு வருவோம்.

அந்தக் கதைக்கு ஆப்பு வைத்தது ஒரு பந்து. மஞ்சள் நிறம், கைக்குள் அடங்கும் தோடம்பழம் அளவு. நூலில் கட்டி எறிந்தால் மிதந்துகொண்டே கீழே ஒலி அனுப்பும். அடியில் என்ன இருக்கிறது என்று போனில் படம் காட்டும். எனக்கு எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. முதல் நாள் முழுக்க அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். திரையில் வில்லு வில்லாகக் கோடுகள் போயின.

“இது ஆர்?”

“மீன்.”

“என்ன மீன்?”

“அதைச் சொல்லாது.”

எனக்குச் சப்பென்று போய்விட்டது. வாசலில் ஆள் நிற்கிறது என்று சொல்லிவிட்டு, யார் என்று சொல்லாத கருவியை வைத்து என்ன செய்வது?

பந்தை வாங்கியதற்கு அவரையும் குறை சொல்ல முடியாது. கொடுவாவுக்குக் குளிரும் கொந்தளிப்பும் வேண்டும். இப்போது நவம்பரிலும் ஆட்கள் கடலில் குளிக்கிறார்கள். மீன் எப்போது கரைக்கு வரும் என்று ஒருவருக்கும் பிடிபடுவதில்லை. தப்பித் தவறி யாருக்காவது ஒன்று அகப்பட்டுப் படம் போனில் பரவினால், மறுநாள் அந்தக் கல்லில் கால் வைக்க இடமிருக்காது. கபோ சந்தையில் கூண்டில் வளர்த்த கொடுவா வரிசையாகக் கிடக்கும், எல்லாம் ஒரே அளவு. அதை வாங்கினால் என்ன என்று கேட்டால், “அது கோழி,” என்பார்.

இந்த இலையுதிர்காலத்தில் எனக்கு அவரிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. சின்யோரா தோரினோவில் இருக்கும் மகனிடம் போகிறார், வீட்டைப் பூட்டப் போகிறார்கள். என் வேலை போகிறது. இங்கே இருப்பதற்கான அனுமதி, அந்தப் பெர்மெசோ, புதுப்பிக்க வேண்டிய நேரமும் நெருங்குகிறது. வேலை இல்லாமல் அதை எப்படிப் புதுப்பிப்பது? போனில் சொல்லுகிற செய்தியா இது? ஞாயிறில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

“இஞ்சேரப்பா, ஒரு விசயம் கதைக்கோணும்,” என்று தொடங்குவேன். “பொறு, ஏதோ வருது,” என்று போனுக்குள் குனிந்துவிடுவார். வந்த ஞாயிறெல்லாம் இதே கூத்துத்தான். அந்தப் பந்தைப் பிடுங்கிக் கடலில் எறிய வேண்டும் போலிருந்தது. அது ஏற்கெனவே கடலில்தான் கிடந்தது.

ஒரு ஞாயிறு, சும்மா இருக்கப் பிடிக்காமல், சின்னத் தூண்டிலில் பாண் துண்டைக் குத்தி நானும் போட்டேன். இழுத்தது. தூக்கிப் பார்த்தால் தட்டையான உடம்பு, முயல் வாய். ஒரா! யாழ்ப்பாணத்தில் சட்டியில் பார்த்த மீனுக்கு இங்கே என்ன வேலை?

பக்கத்தில் நின்ற பலேர்மோக்காரர் முகத்தைச் சுளித்தார். எகிப்தில் இருக்கும் கால்வாயால் உள்ளே வந்ததாம். தண்ணீர் சூடாகச் சூடாக மேற்கே ஏறுகிறதாம். பாசியை மொட்டையடித்துவிடுகிறது, மற்ற மீன் குஞ்சுகள் ஒளிய இடமில்லை என்றார். நான் விடவில்லை. வந்து சேர எத்தனை வருடம் எடுத்திருக்கும்? தனியாக வருமா, கூட்டமாகவா? குளிர் வந்தால் என்ன செய்யும்? அவருக்கும் தெரியவில்லை. அன்றைக்குக் கேள்விகளோடேயே நாளைக் கழித்திருப்பேன்.

“இதைக் கழட்டி விடுங்கோ. ஒரா, கவனம்,” என்று கணவரிடம் நீட்டினேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கையால் பிடித்தார். ஒராவின் முள்ளில் விஷம். குத்திய குத்தில் போன் கை நழுவி என் மடியில் விழுந்தது. போத்தலில் இருந்த சுடுதேத்தண்ணியை மூடியில் ஊற்றி, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆற்றி, அதற்குள் அவருடைய விரலை வைத்தேன். சூடு பட்டால் அந்தக் கடுப்புக் குறையும். பிறகுதான் மடியைப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது.

“இதிலை ஒண்டும் தெரியேல்லையே.”

“பந்தின்ரை பற்றரி போன கிழமையே செத்துப்போச்சு.”

“அப்ப என்னத்தைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?”

அவர் விரலை மூடிக்குள் இன்னும் ஆழமாக வைத்தார். “சின்யோராவின்ரை மகன் எனக்கு எப்பவோ போன் எடுத்தவர். அலுமாரி தூக்க ஆள் வேணுமாம், வீட்டைப் பூட்டப் போகினமாம்,” என்றார். “உன்ரை முகத்தைப் பாத்தால் நீ சொல்லிப்போடுவாய். நீ சொல்லிப்போட்டால் அது உண்மையாப் போயிடும். அதுதான் பாக்கேல்லை.”

கோபம் வந்தது. அதைவிட, பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரே பாரத்தை இரண்டு பேரும் தனித்தனியே சுமந்திருக்கிறோமே என்பதுதான் பெரிதாகப் பட்டது.

“சரி, இப்ப பாருங்கோ,” என்றேன்.

பார்த்தார். நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். தெரிந்த செய்திதான், ஆனாலும் முழுவதையும் கேட்டார்.