சேஃப்டி கார்

எங்கள் பெரம்பலூரில் ரயில் கிடையாது. திருச்சியிலிருந்து சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போகும் மகளிடம், அரியலூரில் ரயில் நிற்கும் இரண்டு நிமிடத்தில் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்தாக வேண்டும். அவற்றை அவள் பையிலிருந்து எடுத்துப் பத்திரமாக பீரோவில் பூட்டிய மேதை நான்தான்.

வாடகைக் கார் டிரைவர் ஒல்லியான மனிதர். சித்திரை வெயிலிலும் கையுறை போட்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷமா? ஃபார்முலா ஒன் கார் ரேஸ்ல ரெண்டு செகண்டுல நாலு டயரையும் மாத்திடுவாங்க சார்" என்று பறந்தார்.

பாதி வழியில் சவ ஊர்வலம். அதிலிருந்த ஒருவரே எங்களைப் போகச் சொல்லிக் கைகாட்டினார். டிரைவர் முந்தவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே ஊர்ந்தார்.

"போங்களேன்!"

"ரேஸ்ல விபத்துன்னா சேஃப்டி கார் வரும் சார். அது முன்னால போறப்ப எந்தச் சாம்பியனும் யாரையும் முந்தக் கூடாது."

"இது பொணம்யா!"

"அதனாலதான் சார்."

ஸ்டேஷனுக்குள் ஓடியபோது ரயிலின் கடைசிப் பெட்டிதான் தெரிந்தது. வெளியே வந்து மனிதரைத் திட்ட வாயெடுத்தேன்.

"அடுத்து விருத்தாசலத்துல நிக்கும், அங்க புடிச்சிடலாம், ஏறுங்க" என்றார்.

ஏறினேன். வழியிலிருக்கும் முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டுமென்று நான் மனதார வேண்டிக்கொண்டது அன்று ஒரு நாள்தான்.