சனிக்கிழமை யார் கார் ஓட்டுவது?

டயாலிசிஸ் மெஷினுக்குப் பொது விடுமுறை கிடையாது. நோயாளிகளை அதனிடம் கொண்டுபோய் விடுகிற எங்களுக்கும் கிடையாது. சம்பளமில்லாமல் யாருக்காவது காரோட்டிக்கொண்டிருப்பவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பதினாறாம் நாள்

மூன்று வருடம் என் மனைவியைப் பூச்சோங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். செவ்வாய், வியாழன், சனி. பின் இருக்கையில் பக்கத்து வீட்டு சரஸ்வதியும் வருவார். நீரிழிவில் ஒரு காலை இழந்தவர். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. சக்கர நாற்காலியைக் கண்டதும் வாடகைக் காரோட்டிகள் கேன்சல் செய்துவிடுவார்கள். நான் போனால்தான் அவருக்குச் சிகிச்சை.

மனைவி இறந்தபோது சரஸ்வதியின் மகன் லீவு போட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, சரஸ்வதி நாற்காலியை உருட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, நாளைக்கு மகன் திரும்பிப் போறான். அக்கா போயிட்டாங்கன்னு என்னையும் விட்டுடாதீங்க லா."

ரிப்பன் கட்டிய கூடை

தீபாவளிக்கு முந்தின வாரம் கிள்ளானிலிருந்து ஓர் இளைஞர் சங்கம் நிலையத்துக்கு வந்தது. பெரிய பேனர், ஒரே நிறச் சட்டை. கட்டிலுக்குக் கட்டில் நின்று படமெடுத்தார்கள். ஆளுக்கொரு கூடை: ஆரஞ்சு, வாழைப்பழம், டின்னில் இளநீர், உப்புத் தூக்கலான முறுக்கு. சிறுநீரகம் கெட்டவர்கள் ஒதுக்க வேண்டியவற்றையெல்லாம் தேடிப் பிடித்து அடுக்கியதுபோல் இருந்தது. பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும். நர்ஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

படம் எடுத்து முடியும்வரை கூடையை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த சரஸ்வதி, காரில் ஏறியதும் சொன்னார்: "நம்மளக் கொல்றதுக்கு இவ்ளோ அழகா ரிப்பன் கட்டணுமாண்ணே?"

பதினாலு பேர்

சங்கத்துப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். எனக்கும் வயதாகிறது, வருடம் முழுக்கக் காரோட்ட ஆள் வேண்டும் என்று கேட்டதும் பதினாலு பேர் கை தூக்கினார்கள். உடனே வாட்ஸ்அப் குழு உண்டானது. தினமும் காலை வணக்கம் வந்தது, கார் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காய்ச்சல் தாங்காமல் ஒருவனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நானே ஓட்டினேன். அவன் சொன்னது:

"சனிக்கிழமை ஃபுட்சால் மேட்ச் இருக்கு அங்கிள். தீபாவளிக்குக் கண்டிப்பா வரோம், பேனரெல்லாம் பத்திரமா வச்சிருக்கோம்."

கட்டைவிரல்

பிறகு எனக்குக் கண் ஆபரேஷன். இரண்டு வாரம் காரோட்டக்கூடாது என்றார் டாக்டர். செராஸில் மகள் வீட்டில் படுத்துக்கொண்டு, சரஸ்வதியை அழைத்துப்போக ஆள் வேண்டும் என்று மகளைக் குழுவில் போடச் சொன்னேன். ஆறு கட்டைவிரல்கள் உயர்ந்தன. எனக்கு நிம்மதி. ஆறு பேரும், மற்ற ஐந்து பேரில் ஒருவர் போவார் என்று இருந்துவிட்டார்கள். நானாவது ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

செவ்வாய் காலை சரஸ்வதி வாசலில் காத்திருந்திருக்கிறார். வியாழனும் காத்திருந்திருக்கிறார். சனிக்கிழமை மூச்சு வாங்க, எதிர்வீட்டுக்காரர்கள் ஆம்புலன்ஸை அழைத்தார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று சரஸ்வதியிடம் கேட்டேன். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுச் சொன்னார்:

"கண்ணுல கட்டுப் போட்டுக் கெடக்கிற மனுஷன எப்படிண்ணே கூப்பிடறது?"

மறுநாள் காலை அவர் இல்லை.

பதினோரு கார்

சாவு வீட்டுக்குப் பதினாலு பேரும் மாலையோடு வந்துவிட்டார்கள். ஒருவன்கூடத் தவறவில்லை. சிலர் நிஜமாகவே அழுதார்கள். பிளாட் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. சங்கத் தலைவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

"கவலைப்படாதீங்க அங்கிள், பதினோரு கார் கொண்டு வந்திருக்கோம். சுடுகாட்டுக்கு யார் வரணும்னாலும் ஏத்திக்கறோம்."

வருடம் முழுக்க நேரத்தைக் கொடுத்தால் என்ன பலன் கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் கண்டது இவ்வளவுதான்: நாம் போகாத நாளில் என்ன நடக்கும் என்பது நமக்கு மட்டும் நன்றாகத் தெரிந்துவிடும்.